வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பல்லுயிர் ஆய்வு: கடலூர், புதுவைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வெப்பமண்டலக் காட்டுயிர் ஆய்வு என்றதும் நம்மூர் மாணவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். வால்பாறை, முதுமலை என்று திட்டம் எழுதுவார்கள். அனுமதி, தங்குமிடம், பயணச் செலவு என்று அலைந்தே பாதி ஆண்டு ஓடிவிடும். மீதி நாளில் இரண்டு மூன்று தடவை போய்வந்து, ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

கடலூரிலோ புதுவையிலோ இருப்பவருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் பிச்சாவரம் அலையாத்திக் காடு, ஊசுட்டேரி, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு கடலில் சேரும் கழிமுகங்கள், ஆமை கரையேறும் மணல், ஐயனார் கோயில் காடுகள் எல்லாம் இருக்கின்றன. கோயில் காடுகளில் மிச்சமிருப்பது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. மழை குறைந்த கடற்கரைச் சமவெளியில், கோடையிலும் பச்சை குறையாமல் நிற்கும் குட்டைக் காடு இது. சோழமண்டலக் கரையில் இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

பக்கத்து இடத்துக்குப் போவதில் இன்னொரு லாபம் உண்டு. ஓர் ஆண்டு முழுக்க, மாதம் தவறாமல், அதே இடத்துக்குத் திரும்பப் போகலாம். வெப்பமண்டலத்தில் பொதுவாக இனங்கள் பல, ஒவ்வோர் இனத்திலும் எண்ணிக்கை சில. ஒரு நாள் போனால் கண்ணில் படாமல் தப்பிவிடுவதுதான் அதிகம். அதனால் திரும்பத் திரும்பப் போவதும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பார்ப்பதும்தான் இந்த வேலையின் உயிர். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

“பிச்சாவரத்தின் பல்லுயிர் வளம்” என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. “மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிய பகுதியிலும், வெட்டாத பகுதியிலும் அலையாத்தி இளங்கன்றுகளின் எண்ணிக்கை வேறுபடுகிறதா?” என்பது கேள்வி. (அந்த வாய்க்கால் கதை படி 4இல் வருகிறது.) “ஊசுட்டேரியில் தண்ணீர் இறங்க இறங்க எந்தப் பறவைகள் போகின்றன, எவை வந்து சேர்கின்றன?” என்பதும் கேள்விதான். ஒருவர் அல்லது இருவர், பைக்கில் போய்வந்து, ஓர் ஆண்டில் பதில் சொல்ல முடிகிற அளவுக்குச் சுருக்குங்கள். சுருக்கிய பிறகும் பெரிதாகத் தெரிந்தால் இன்னொரு முறை வெட்டுங்கள்.

எந்த உயிரினத்தை எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பறவை, மரம், வண்ணத்துப்பூச்சி, ஆமை ஆகிய நான்கும் புதியவருக்கு ஏற்றவை. பாலூட்டிகளை முதல் ஆய்வுக்கு எடுக்க வேண்டாம் என்பேன். முந்திரித் தோப்புகளில் நரியும் கீரியும் உண்டு. ஆனால் அவற்றை எண்ணத் தானியங்கிக் கேமரா வேண்டும்; வாங்கி வைத்த கேமரா திருடு போகாமல் காவல் காக்கவும் வேண்டும்.

படி 2: அனுமதி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஊசுட்டேரியைப் புதுவையும் விழுப்புரம் மாவட்டமும் பங்கிட்டுக்கொள்கின்றன. புதுவைப் பக்கம் 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கக் கரையிலும் நிற்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வனத்துறைகளிடமும் கடிதம் கொடுக்க வேண்டும். பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. சுற்றுலாப் படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டால் ஆய்வு செய்யலாம் என்று நினைக்க வேண்டாம்.

பிடிக்காமல், தொடாமல், பறிக்காமல் செய்யும் ஆய்வாகத் திட்டமிட்டால் பாதிச் சிக்கல் குறையும். வலை கட்டுவது, வளையம் மாட்டுவது, ரத்தம் எடுப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு, பயிற்சியும் வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து மாதிரி சேகரிப்பதாக இருந்தால், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் போக வேண்டும்.

கோயில் காட்டுக்கு வேறு வகை அனுமதி. பூசாரி, தர்மகர்த்தா, ஊர்ப் பெரியவர்கள் மூவரையும் தனித்தனியாகப் பாருங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். பல ஐயனார் காடுகளில் ஒரு குச்சியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டால்தான் காடு இன்னும் நிற்கிறது. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். முள் குத்தும், என்ன செய்வது.

படி 3: நாட்காட்டி

ஜூன் முதல் மே வரை என்று கல்லூரி வசதிக்குப் போட்டால் ஆய்வு நொண்டும். நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏரி நிரம்புவதும், வலசைப் பறவைகள் வருவதும் அதையொட்டித்தான். மார்ச் வரை அவை இருக்கும். பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை அதிகம் கரையேறும். மழைக்கு முன்பே ஒரு சுற்று போய்வந்து, காய்ந்த ஏரியையும் பதிவு செய்தால்தான் நிரம்பிய ஏரியோடு ஒப்பிட முடியும். ஆக, செப்டம்பரில் தொடங்குங்கள்.

புயலுக்கும் இடம் விடுங்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தபோது முந்திரியும் பலாவும் கூண்டோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் வந்தது. இப்படி ஒன்று நடுவில் வந்தால் ஆய்வு கெட்டது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. புயலுக்கு முன் அளந்த கணக்கு கையில் இருப்பவர் மட்டும்தான் எந்த மரம் விழுந்தது, எது மறுபடி துளிர்த்தது என்று சொல்ல முடியும். பாதை திறந்ததும் முதல் வேலையாக அதே இடத்துக்குப் போங்கள்.

படி 4: அளக்கும் முறை

*பறவை.* ஏரி என்றால் கரைமேல் நிலையான சில இடங்களைக் குறித்துக்கொண்டு, சூரியன் ஏறும் முன்பே முதல் இடத்தில் நில்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து நாமக்கோழிகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, மீதிக் கூட்டத்தை அந்த அளவால் நகர்த்தி எண்ண வேண்டும். ஆனால் ஊசிவால் வாத்து, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எண்ணினால் குழம்பும். ஒரு சுற்றுக்கு ஒரு இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. ஓர் இடத்தில் போய் நின்று, நாம் வந்த சத்தம் அடங்க இரண்டு நிமிடம் விட்டு, அப்புறம் பத்து நிமிடம் எண்ணுங்கள். கேட்டதா, பார்த்ததா, எவ்வளவு தூரத்தில் என்று குறிக்க வேண்டும். ஆறுமணிக்குருவி இதற்கு நல்ல பாடம். குளிர்காலத்தில் நம் தோப்புகளுக்கு வரும் இந்தப் பறவை காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கத்தும். மற்ற நேரத்தில் தரையில் சருகைக் கிளறிக்கொண்டு மறைந்தே திரியும். எட்டு மணிக்குப் போய் எண்ணுகிறவரின் பட்டியலில் அது இருக்காது. காட்டில் இருந்திருக்கும்! நேரத்தை மாற்றாமல் போக வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

*மரம்.* கடலூர்ப் பக்கத்துத் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் காடுகளில் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலேயே அளந்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு, அதே முறையில் அளந்தால் உங்கள் கணக்கைப் பழைய கணக்கோடு ஒப்பிடலாம். இது பெரிய வசதி. பத்துக்குப் பத்து மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். மலைக்காடுகளில் பெரும்பாலும் 30 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்களைத்தான் எண்ணுவார்கள். இங்கே மரங்கள் குட்டை. 10 செ.மீ. முதல் எண்ணினால்தான் காட்டின் உண்மை நிலை தெரியும்.

காசான் மரத்திடம் போனதும் சிக்கல் வரும். ஒரே அடியிலிருந்து நான்கு ஐந்து தண்டுகள் கிளம்பியிருக்கும். ஒவ்வொரு தண்டையும் தனியாக அளந்து, ஒரே மர எண்ணின் கீழ் எழுத வேண்டும். டேப்பை மரத்தோடு ஒட்டியிருக்கும் கொடிக்கு அடியில் நுழைத்து எடுங்கள். கொடிமேல் சுற்றினால் மரம் ஒரே நாளில் பருத்துவிடும். கொடிகளையும் தனியாக எண்ணுங்கள். இந்த வகைக் காட்டில் அவை ஏராளம். அளந்த மரத்தில் ஆணி அடித்துத் தகடு மாட்டுவது மற்ற இடங்களில் வழக்கம். கோயில் காட்டில் அதைச் செய்யாதீர்கள். மஞ்சள் நூல் கட்டலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

பெயர் தெரியாத மரத்துக்கு விழுந்து கிடக்கும் இலையை எடுத்து இருபுறமும் படம் பிடியுங்கள். பட்டை, பூ, காய், இலை தண்டில் சேரும் இடம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். மாதிரி எடுக்க அனுமதி கிடைத்தால் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, புதுவையில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கலாம். வீரை, உலக்கைப்பாலை போன்றவற்றை ஊர்ப் பெரியவர்களே தூரத்தில் இருந்து சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் அறிவியல் பெயர்.

*அலையாத்தி.* பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. வெண்கண்டல், சுரபுன்னை, தில்லை ஆகிய மூன்றையும் முதல் நாளே அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடித்துப் பார்க்கும் பழக்கத்தைப் படகிலேயே விட்டுவிடுங்கள்.

இந்தக் காட்டுக்கு ஒரு கதை உண்டு, அது ஆய்வுக்கும் உதவும். வெள்ளையர் காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, சேறு சுருங்கி, கிண்ணம்போல் குழிந்தது. ஏறிய ஓதம், அதாவது கடலேற்ற நீர், வெளியே போக வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சியது. விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளேயும் வெளியேயும் ஓடவிட்டபின் காடு திரும்பியது. ஆக இங்கே மரத்தை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் போதாது. ஒவ்வொரு சதுரத்திலும் மண்ணின் உப்பு, தண்ணீர் தேங்கும் ஆழம், இளங்கன்று, மூச்சுவேர், நண்டு வளை எல்லாம் எண்ண வேண்டும். நண்டு வளைக்கு அரை மீட்டர்ச் சட்டம் போதும்.

நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். அந்தக் கொஞ்சமே சேற்றுத் திட்டை மூடவும் திறக்கவும் செய்யும். எனவே எப்போதும் வற்றும் நேரத்தில்தான் எண்ண வேண்டும். எந்த வாய்க்காலில் எப்போது படகு தட்டும் என்று அங்குள்ள இருளர்களுக்குத் தெரிகிற அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள். அவர் விரும்பினால் கட்டுரையில் பெயரும் போடுங்கள். டீ வாங்கிக் கொடுத்து அறிவை வாங்கிக்கொண்டு போகும் ஆய்வாளர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

*ஆமை.* இரண்டு அடையாளங்களுக்கு இடைப்பட்ட ஒரே கரைப்பகுதியை எடுத்துக்கொண்டு, நள்ளிரவுக்குப் பின் நடக்க வேண்டும். மீனவ ஊர்க்காரர் ஒருவரும் வனத்துறைக்குத் தகவலும் இல்லாமல் இரவில் கரையில் இறங்காதீர்கள். வெள்ளை டார்ச் கூடாது; தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு விளக்கு. பங்குனி ஆமை முன்துடுப்புகளை மாறி மாறி வைத்து நகரும். அதனால் தடத்தின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒரே நேரில் இருக்காது. ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருந்து, நடுவில் மணல் கலைந்திருந்தால் கூடு இருக்கலாம். தோண்ட வேண்டாம். இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். பொரிய ஏழு வாரம் போல ஆகும். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண்.

கரையொதுங்கும் செத்த ஆமையும் தரவுதான். ஓட்டின் மேல் வளைவோடு டேப் வைத்து நீளம் எடுங்கள். உடல் எவ்வளவு அழுகியிருக்கிறது, வெட்டுக்காயமோ வலைநூலோ இருக்கிறதா என்று எழுதி, ஓட்டில் பெயின்ட் புள்ளி ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் அலை இழுத்துப் போட்ட அதே ஆமையை மறுநாள் இன்னொன்றாக எண்ணிவிடுவீர்கள். இதையெல்லாம் வனத்துறைக்குத் தெரிந்தே செய்யுங்கள். ஓட்டை வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம். செத்ததென்றாலும் அது முதல் அட்டவணை உயிர்.

புதுவையில் கரைப்பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். துறைமுகம் கட்டியபின் அதன் வடக்கே மணல் அரிக்கப்பட்டுப் பல இடங்களில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லின்மேல் ஆமை ஏறாது. அந்தக் கரையையும் மணல் கரையையும் கலந்து சராசரி எடுத்தால் எண் பொய் சொல்லும்.

படி 5: குறிப்பேடு

பென்சில், கெட்டி அட்டை நோட்டு. போனில் மட்டும் எழுதாதீர்கள், உப்புக்காற்றிலும் மழையிலும் அது கைவிடும். ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்:

“ஊசுட்டேரி, இடம் 3. காலை 6.20 முதல் 6.30. மூட்டம், வாடைக்காற்று லேசாக. பார்த்தவர் இருவர், பைனாகுலர் ஒன்று. நாமக்கோழி 140, தோராயம். நீலத் தாழைக்கோழி 6. கூழைக்கடா 0. வலை இழுக்கும் படகு 2.”

கூழைக்கடாவுக்கு நேரே இருக்கும் அந்தச் சுழி முக்கியம். தேடிப் பார்த்தும் இல்லை என்பது ஒரு தகவல். எழுதாமல் விட்டால் தேடினீர்களா என்றே யாருக்கும் தெரியாது. எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்ற உழைப்புக் கணக்கும் அப்படித்தான். ஆமை மூன்று பார்த்தேன் என்பதைவிட, இத்தனை கிலோமீட்டர் நடந்ததில் மூன்று என்பதுதான் அடுத்த ஆண்டோடு ஒப்பிட உதவும். அன்று இரவே கணினியில் ஏற்றுங்கள். ஒரு வரிக்கு ஒரு பதிவு.

படி 6: உடம்பு

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கம் உண்டு. முழங்கால் வரை பூட்ஸ், இரவில் டார்ச், தரையில் படுக்காமை. கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நேரத்தைக் குறித்துக்கொண்டு கடிபட்ட காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். புதுவையில் என்றால் ஜிப்மர். புதர்க்காட்டில் வேலை செய்த இரண்டு வாரத்துக்குள் விடாத காய்ச்சல் வந்தால் உடலில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதரில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக்கு உறவான நுண்ணிய சிலந்திப்பேன் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் இந்தப் பகுதியில் புதிதல்ல; சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் எளிதில் குணமாகும்.

படி 7: கணக்குப் போடுவது

நீங்கள் பார்த்த இனங்களின் எண்ணிக்கை, அங்கே இருக்கும் இனங்களின் எண்ணிக்கை ஆகாது. பார்க்காமல் விட்டதை மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு. ஒரே ஒரு தடவை மட்டும் கண்ணில் பட்டவை எத்தனை இனம், இரண்டு தடவை பட்டவை எத்தனை என்று பாருங்கள். உதாரணமாக 40 இனம் பார்த்தீர்கள், அதில் ஒருதடவைக்காரர் 10, இருதடவைக்காரர் 5. பத்தைப் பத்தால் பெருக்கி, ஐந்தின் இரு மடங்கால் வகுத்தால் 10. ஆக குறைந்தது 50 இனமாவது இருக்கும். சாவோ மதிப்பீடு என்பது இதுதான். ஒருதடவைக்காரர்கள் அதிகமாகவே இருந்தால் இன்னும் போய்வர வேண்டும் என்று பொருள்.

ஒரு தவறு எல்லா ஆய்வேட்டிலும் வருகிறது. ஒரே காட்டுக்குள் பத்து இடத்தில் எண்ணிவிட்டு, பத்து மாதிரி என்று எழுதுவார்கள். அது ஒரு காடுதான். காடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் பத்துக் காட்டுக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைவாக எண்ணினாலும் பரவாயில்லை.

படி 8: தரவை வேலைக்கு விடுவது

பறவைப் பட்டியலை ‘இபேர்ட்’ (eBird) என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். உங்கள் எண்ணிக்கையை அவற்றோடு பொருத்திக்கொள்ளலாம். ஆந்தைக் கூடு, ஆமைக் கூடு போன்றவற்றின் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். படத்தில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிடுங்கள்.

ஆய்வேடு நூலகத்தில் தூங்கும். பாதுகாப்புக்கு உதவ வேண்டுமென்றால் தமிழில் ஒரு பக்கம் தனியாக எழுதி ஊராட்சிக்குக் கொடுங்கள். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அவர்கள் பொறுப்பு. பல ஊர்களில் அது ஏதோ ஒரு அலமாரியில் பெயருக்கு இருக்கும். உங்கள் பட்டியலைத் தேதியோடு அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இது எங்கே பயன்படும் என்றால், ஏரியில் சீமைக்கருவேலத்தை வெட்ட ஏலம் விடும்போது பயன்படும். அது வந்தேறி மரம், அகற்ற வேண்டியதுதான். ஆனால் நாட்டுக்கருவேலம் இல்லாமல் போன ஏரிகளில் நாரையும் நீர்க்காகமும் அதில்தான் கூடு கட்டுகின்றன. “எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்” என்று மனு கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். எந்தத் திட்டில் எந்த மாதம் கூடு இருந்தது, குஞ்சு பறந்துபோனது எப்போது என்று மாதவாரியாகக் கையில் இருந்தால், கோடையில் வெட்டுங்கள், இந்தத் திட்டை மட்டும் நாட்டுக்கருவேலம் வளரும் வரை விடுங்கள் என்று கேட்கலாம். ஏரியைக் கவனிக்கும் துறைப் பொறியாளரும் ஏலம் எடுத்தவரும் தேதிக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்கள். அந்த மனுவோடு குறிப்பேட்டின் நகலையும் இணைத்துவிடுங்கள்.